தலை எண்ணித் தரம் பார்ப்பவர்கள்

ஜூன் பிறந்தால் கன்னியாகுமரி மாவட்டத்து அருமனைப் பக்கம் ஒரு பேச்சு தவறாமல் கிளம்பும். “கவர்மென்ட் ஸ்கூல்ல பிள்ளையளே இல்ல. பிள்ளைய இல்லேன்னா படிப்பு சரியில்லன்னுதானே அர்த்தம்? பின்ன என்னத்துக்கு இத்தன ஸாருமாரு?” டீக்கடையில் தொடங்கும் இந்த வாதம் கல்யாண வீட்டுப் பந்தியில் மெருகேறி, பத்திரிகையில் புள்ளிவிவரமாகி, கடைசியில் கல்வித் துறைக் கோப்பில் ‘மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகள்’ என்ற பட்டியலாக வந்து உட்கார்ந்துகொள்ளும். 2019இல் ஒரு பிள்ளைகூட இல்லாத நாற்பதுக்கு மேற்பட்ட பள்ளிகளை நூலகமாக்க அரசு முடிவெடுத்தது. 2025இல் இருநூறுக்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் சேர்க்கையே இல்லை என்று செய்தி வந்தது. இரண்டு முறையும் நம்மூர்ப் படித்தவர்கள் சொன்னது ஒன்றுதான்: பெற்றோரே தீர்ப்பு எழுதிவிட்டார்கள், இனி அரசு கையெழுத்துப் போட்டால் போதும்.

அந்தப் பேச்சில் இருப்பவை மூன்று வாக்கியங்கள். முதலாவது பெரும்பாலும் உண்மை. அருமனை, மேல்புறம், கடையாலுமூடு வட்டாரத்தில் எந்த நடுநிலைப் பள்ளிக்குள் நுழைந்தாலும் பெஞ்சுகள் அதிகம், பிள்ளைகள் குறைவு. ஆனால் இரண்டாவது வாக்கியம் முதலாவதிலிருந்து பிறக்கவில்லை. இரண்டாவது நிற்காவிட்டால் மூன்றாவது வெறும் அநியாயம்.

சேர்க்கை என்பது கற்பித்தலின் தரத்துக்குப் பெற்றோர் போடும் மதிப்பெண் என்றால், 2021ஐ எப்படி விளக்குவது? அந்த ஆண்டு தமிழ்நாட்டில் பல லட்சம் பிள்ளைகள் தனியார் பள்ளிகளை விட்டு அரசுப் பள்ளிகளுக்கு வந்தார்கள். தலைமையாசிரியர்கள் சேர்க்கைப் படிவம் போதாமல் நகலெடுத்துக் கொடுத்த காலம் அது. அப்போது பள்ளிகள் திறந்தே இருக்கவில்லை. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதிதான். ஒன்றரை ஆண்டாகப் பூட்டிக் கிடந்த வகுப்பறையில் தரம் திடீரென்று எங்கிருந்து உயர்ந்தது? உயரவில்லை. அப்பாவுக்கு வேலை போயிற்று, கல்ஃபிலிருந்து பணம் வருவது நின்றது, ஆன்லைன் வகுப்புக்கு முழுக் கட்டணம் கேட்டார்கள், பிள்ளைகள் வந்தார்கள். கையில் காசு புரளத் தொடங்கியதும் அவர்களில் பலர் திரும்பிப் போனார்கள். வந்ததற்கும் தரம் காரணமில்லை, போனதற்கும் தரம் காரணமில்லை. அப்போது கூடிய எண்ணிக்கையை வைத்து எந்த ஆசிரியருக்கும் யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. இப்போது குறையும்போது மட்டும் கம்பைத் தூக்குவது என்ன நியாயம்?

எங்கள் பகுதியில் காசு என்றால் ரப்பர். 2011இல் கிலோ 240 ரூபாயைத் தொட்ட ஷீட்டு, 2016 தொடக்கத்தில் நூறுக்கும் கீழே விழுந்தது. விலை ஏறிய காலத்தில் தோட்ட இடைவழிகள்வரை மஞ்சள் வேன்கள் வந்தன. ஒரு முறை வேனில் ஏற்றிய பிள்ளையை இறக்குவது குடும்பக் கௌரவம் சம்பந்தப்பட்ட காரியம். ஷீட்டு விலை விழுந்த பிறகும் நகையை அடகு வைத்து வேன் ஃபீஸ் கட்டினவர்கள் உண்டு. இதைப் ‘பள்ளித் தரம் பற்றிய விவரமறிந்த முடிவு’ என்று ஆய்வறிக்கைகள் எழுதும்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

அடுத்து, நடுநிலைப் பள்ளி என்ற அமைப்பையே பாருங்கள். ஒன்றாம் வகுப்பில் தொடங்கி எட்டாம் வகுப்பில் முடியும் பள்ளி அது. மெட்ரிக் பள்ளி எல்.கே.ஜி.யில் தொடங்கிப் பன்னிரண்டில் முடிகிறது. அரசு மேல்நிலைப் பள்ளியோ ஆறில் தொடங்குகிறது. ஆகவே பிள்ளை ஐந்து முடித்ததும் பெற்றோருக்கு எளிய கணக்கு ஒன்று தோன்றும்: எட்டுக்குப் பிறகு எப்படியும் பள்ளி மாற்ற வேண்டும், இப்போதே மாற்றிவிட்டால் ஒரு அலைச்சல் மிச்சம். டி.சி. வாங்குகிறார்கள். அந்தப் பிள்ளை போவது பல நேரம் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிக்கு, அல்லது அரசு உதவி பெறும் பள்ளிக்கு. ஊரார் கண்ணுக்கு மட்டும் அது ‘கவர்மென்ட் ஸ்கூலை விட்டுப் போன பிள்ளை’.

மேலே ஆறாம் வகுப்பில் ஒழுகுகிறது என்றால் கீழே மூன்று வயதிலேயே அடைபடுகிறது. பிள்ளையைப் பிடிக்கும் போட்டி எல்.கே.ஜி.யில் முடிந்துவிடுகிறது. அரசுப் பள்ளிக் கதவு திறப்பது ஐந்து வயதில். அரசுக்கு இது தெரியாமலில்லை. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாக அங்கன்வாடிகளில் 2,381 எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கினார்கள். யார் பாடம் எடுப்பது என்ற கேள்விக்கு உபரி இடைநிலை ஆசிரியர்கள் என்று பதில் வந்தது, அது வழக்காயிற்று, 2022இல் வகுப்புகளையே நிறுத்தப்போவதாகச் சொல்லி, எதிர்ப்புக் கிளம்பியதும் தற்காலிக ஆசிரியர்களை வைத்துத் தொடர்ந்தார்கள். அடுத்த ஆண்டு இருக்குமா இருக்காதா என்று தெரியாத எல்.கே.ஜி.யில் எந்தத் தாய் பிள்ளையைச் சேர்ப்பாள்?

இதைவிட வேடிக்கை இன்னொன்று. கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவுப்படி தனியார் பள்ளி நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, கட்டணத்தை அரசு கட்டுகிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை கட்டுகிறது. அதாவது நடுநிலைப் பள்ளிக்கு வந்திருக்கக்கூடிய பிள்ளையை, நடுநிலைப் பள்ளி நடக்கும் அதே வகுப்புகளுக்கு, அரசே பணம் கொடுத்து வேறிடத்தில் படிக்க வைக்கிறது. ஏழைப் பிள்ளைக்குக் கிடைத்த உரிமை அது, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அரசு ஒரு கையால் அனுப்பிவிட்டு மறு கையால் ‘ஏன் சேர்க்கை குறைவு?’ என்று தலைமையாசிரியருக்கு விளக்கக் கடிதம் அனுப்புவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

மாவட்டத்தின் பழைய கதையும் இதில் உண்டு. வெளியூர்க்காரர்கள் எங்களையும் சேர்த்து நாஞ்சில்நாடு என்பார்கள். தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான் நாஞ்சில்நாடு. அருமனை விளவங்கோடு, மலையும் ரப்பரும் மரச்சீனியும். முதலில் திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி என்றிருந்த மண். இங்கே பள்ளிக்கூடம் என்ற ஒன்றை ஊருக்குள் கொண்டுவந்ததில் அரசுக்கு முன்னால் மிஷன் நின்றது. மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடியில் பணி தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில். கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ராணி கௌரி பார்வதி பாயின் பெயரில் ஆணை வந்தது 1817இல். அன்றிலிருந்து இந்த மாவட்டத்தில் அரசுப் பள்ளியும் சபைப் பள்ளியும் அடுத்தடுத்த வீடுகள். சி.எஸ்.ஐ., கத்தோலிக்க மறைமாவட்டங்கள் நடத்தும் உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளம் அரசுக் கஜானாவிலிருந்து போகிறது, பிள்ளைக்குப் பாடநூலும் மதியச் சோறும் அரசுடையவை. தர்மபுரியிலோ விழுப்புரத்திலோ ஒரு கிராமத்தில் அரசுப் பள்ளியில் பாதிப் பிள்ளை குறைந்தால் அதற்கு ஒரு பொருள். தாத்தா காலத்திலிருந்தே பாதி ஊர் சபைப் பள்ளியில் படித்த அருமனையில் அதே அளவுகோலை வைத்துக் கீறுவது, ஊர் தெரியாமல் செய்யும் வேலை.

பிள்ளைகளே குறைந்துவிட்டார்கள் என்பதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை 18.7 லட்சம். ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் 1,82,350. ஏழாகப் பிரித்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 26,000 பிள்ளைகள், மாவட்டம் முழுவதற்கும், எல்லா வகைப் பள்ளிகளுக்கும் சேர்த்து. அதன் பிறகு பிறப்பு இன்னும் இறங்கியிருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை என்றது. மாதிரிப் பதிவு முறை 2020க்குக் கொடுத்த எண் 1.4. ஒற்றைப் பிள்ளை வீடுகள் பெருகும்போது வகுப்பறை நிறைய வேண்டும் என்று எதிர்பார்ப்பது யார் குற்றம்?

சரி, எண்ணிக்கையை விடுங்கள், படிப்பு? “மெட்ரிக்ல படிச்சாத்தான் மார்க்கு” என்பவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த மார்க்கை எங்கே பார்த்தார்கள்? ஒரே இடத்தில்தான்: மே மாதம் சந்திப்பில் கட்டும் ஃபிளெக்ஸில். அது பத்தாம் வகுப்பு மார்க்கு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கு. நடுநிலைப் பள்ளிக்கு அப்படிக் காட்ட ஒரு தேர்வே கிடையாது. ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று 2019இல் அறிவித்து, 2020 பிப்ரவரியில் ரத்து செய்தார்கள். ரத்து செய்தது நல்ல காரியம், பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு கொடுமை. ஆனால் விளைவு என்னவென்றால், எட்டு ஆண்டு வேலை செய்த பள்ளி எந்த ஃபிளெக்ஸிலும் வராது, கடைசி இரண்டு ஆண்டு படிப்பித்த பள்ளி வரும். 2022 பத்தாம் வகுப்புத் தேர்வில் கன்னியாகுமரி மாவட்டம் 97.22 விழுக்காட்டோடு மாநிலத்தில் முதலிடம். அந்தப் பிள்ளைகளுக்கு ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு சொல்லிக் கொடுத்தது யார், பின்னத்தைக் கூட்டப் பழக்கியது யார் என்று யாரும் கேட்கவில்லை. வானத்திலிருந்து நேரே பத்தாம் வகுப்பில் குதித்தார்களா என்ன?

மெட்ரிக்கின் பாடம் வேறு என்ற நம்பிக்கையும் இன்னும் சாகவில்லை. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சமச்சீர் கல்வி வந்துவிட்டது. அருமனை நடுநிலைப் பள்ளியின் ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகமும் மார்த்தாண்டத்து மெட்ரிக் பள்ளியின் ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகமும் ஒன்றே. ஒன்று இலவசம், ஒன்றுக்கு விலை. மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு 2025இல் மாநில அடைவு ஆய்வு நடந்தது. அது அரசு, உதவி பெறும் பள்ளிகளில் மட்டும். தனியார் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதை அந்த ஆய்வு தொடவே இல்லை. ஒரு தட்டில் மட்டும் எடைக்கல்லை வைத்துவிட்டு ‘அந்தத் தட்டு கனம்’ என்று தராசைத் தூக்கிக் காட்டுகிறார்கள். இதற்கு மேல் வடிகட்டல் வேறு. ஒன்பதாம் வகுப்பில் தேறாதென்று தோன்றுகிற பிள்ளைக்கு டி.சி.யைக் கையில் கொடுக்கும் பழக்கம் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த இரகசியம். அப்படி வரும் பிள்ளையை மறுக்காமல் சேர்த்துக்கொள்வது அரசுப் பள்ளி.

எதிர்த்தரப்பில் உண்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. 2022 ஆசர் கல்வி ஆய்வில் தமிழ்நாட்டுக் கிராமப்புற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தவர்கள் 4.8 விழுக்காடு. நெஞ்சில் அறையும் எண் அது. 2024இல் இரட்டை இலக்கத்துக்கு ஏறியது என்றாலும் பெருமைப்பட ஒன்றுமில்லை. வாசிக்கத் தெரியாமல் ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சொந்தப் பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டுப் பள்ளிக்கு வரும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள், ஊர் அதைப் பார்க்கிறது, பார்த்துவிட்டுத் தானும் அதையே செய்கிறது. ஆனால் ஆசர் வீடு வீடாகப் போய் எடுப்பது, அதில் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் அடக்கம். அந்த 4.8ஐ அரசுப் பள்ளியின் கழுத்தில் மட்டும் மாட்ட முடியாது.

இனி அந்த மூன்றாவது வாக்கியம்: என்னத்துக்கு இத்தன ஸாருமாரு?

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பிரித்துப் பார்த்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். ஆறு முதல் எட்டு வரை வகுப்புக்கு ஒருவராவது வேண்டும். அந்த மூவரில் அறிவியலுக்கும் கணக்குக்கும் சேர்த்து ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர். பிள்ளைகள் 35க்கு ஓர் ஆசிரியர். நூறு பிள்ளைகள் தாண்டினால்தான் முழுநேரத் தலைமையாசிரியர், ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் பகுதிநேர ஆசிரியர்கள். இதை நம்மூர்ப் பள்ளி ஒன்றுக்குப் பொருத்திப் பாருங்கள். மூன்று வகுப்பிலும் சேர்த்து 45 பிள்ளைகள் என்று வையுங்கள். குறைந்தபட்ச விதிப்படி மூன்று பேர், ஐந்து பாடம். பெற்றோர் எந்தப் பாடத்துக்காக மெட்ரிக்கைத் தேடி ஓடுகிறார்களோ அந்த ஆங்கிலத்துக்கு, இங்கே தமிழையும் சேர்த்துப் பார்க்கிற ஓர் ஆசிரியர். விளையாட்டு ஆசிரியர் கிடையாது. வெளியே நின்று பார்க்கிற அப்பா “கிரவுண்டு இருக்கு, கோச் இல்ல” என்கிறார், பிள்ளையை மாற்றுகிறார். பிள்ளை போனதால் ஆசிரியர் இல்லை, ஆசிரியர் இல்லாததால் பிள்ளை போகிறது. இந்தச் சுழலை உண்டாக்கியது விதி. பழி விழுவது வகுப்பறையில் சாக்பீஸோடு நிற்பவர்மேல்.

விதியின் கத்தி இறங்கும் நாளும் குறித்திருக்கிறது. ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரப்படி பிள்ளைகளை எண்ணி ஆசிரியர் பணியிடத்தை நிர்ணயிப்பார்கள். கூடுதல் என்று கண்டவர் உபரி, அவருக்குப் பணி நிரவல். அதனால்தான் மே மாத வெயிலில் ஆசிரியர்கள் நோட்டீஸோடு வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். மீதி நாட்களில் எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்றம், வாக்காளர் பட்டியல் வேலை, இலவசப் பொருள் கணக்கு. ‘பத்துப் பிள்ளைக்கு நாலு வாத்தியார்’ என்று சொல்பவர் அந்த நாலு பேரும் எட்டு வகுப்புகளுக்கு என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்.

இந்தப் பள்ளிகளுக்கு இப்போது யார் பிள்ளைகள் வருகிறார்கள் என்று பார்த்தால் மூடச் சொல்வதன் கனம் புரியும். ரப்பர் பால் வெட்டுக்காரர் வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறினால் பால் ஒழுக்கு நின்றுவிடும் என்பதால் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போக வேண்டும். புருஷன் வெட்டினால் மனைவி சிரட்டை சரிபார்ப்பாள். பிறகு பால் எடுத்து, ஆசிட் ஊற்றி, உறைய வைத்து, ரோலரில் இழுத்து முடிக்கும்போது முற்பகல் தாண்டிவிடும். காலையில் பிள்ளைக்குத் தோசை சுட அந்த வீட்டில் ஆளில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்க வகுப்புகளுக்கும் வந்த காலை உணவுத் திட்டத்தின் அருமை இங்கேதான் தெரியும். ஆனால் அது ஒன்று முதல் ஐந்து வரை என்று வகுத்த திட்டம். நடுநிலைப் பள்ளியில் ஒரே வளாகம், ஒரே மணி. நாலாம் வகுப்புத் தங்கை உப்புமாவோ பொங்கலோ சாப்பிடுகிறாள், ஆறாம் வகுப்பு அண்ணன் பக்கத்தில் நிற்கிறான். பிள்ளைகள் ஒழுகிப்போகும் அதே ஆறாம் வகுப்பில் அரசும் தட்டை எடுத்துவிடுகிறது. இதைச் சொன்னால், “சோறு போட்டா படிப்பு வந்துருமா?” என்று கேட்பார்கள். வயிறு காய்ந்தால் வருமா?

பள்ளிகளை இணைத்தால் என்ன கெட்டுவிடும் என்பவர்கள், நடுநிலை வகுப்புக்கு மூன்று கிலோமீட்டர் தூரம் வரை விதி அனுமதிக்கிறது என்பார்கள். வரைபடத்தில் அது சரி. ஜூனில் இடவப்பாதி மழை, ஐப்பசியில் துலாவர்ஷம், ஏற்றமும் இறக்கமுமாக ரப்பர் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை, கடையாலுமூட்டுக்கு மேலே காணிப் பழங்குடிக் குடியிருப்புகள். பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளையை அந்த மூன்று கிலோமீட்டருக்குத் தனியே அனுப்ப யோசிக்கிற தாய், பள்ளியை நிறுத்துவாள் அல்லது கடன் வாங்கி வேனில் ஏற்றுவாள். இரண்டாவது நடந்தால் ‘தனியார் பள்ளி மோகம்’ என்று மறுபடி அறிக்கை எழுதுவார்கள்.

பனச்சமூடு தாண்டினால் வெள்ளறடை, கேரளம். அங்கேயும் இதே பேச்சு நடந்தது. பிள்ளை குறைந்த பள்ளியை ‘லாபமில்லாத பள்ளி’ என்று பெயரிட்டு மூடப் பார்த்தார்கள். கோழிக்கோட்டில் மலாப்பறம்பு உதவி பெறும் பள்ளியை 2014இல் இரவோடிரவாக இடித்தார்கள். ஊர் கூடித் திரும்பக் கட்டியது. 2016இல் நீதிமன்ற உத்தரவுப்படி மூட வேண்டி வந்தபோது, அந்தப் பள்ளியையும் இன்னும் சிலவற்றையும் அரசே எடுத்துக்கொண்டது. மறு ஆண்டு தொடங்கிய பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கத்தில் வகுப்பறைகளுக்குப் பணம் போட்டார்கள், சில ஆண்டுகள் சேர்க்கை ஏறியது. பிறப்பு குறைந்ததால் பிறகு இறங்கத்தான் செய்கிறது. இறங்கும்போது அவர்கள் ஆசிரியரை வையவில்லை என்று சொல்ல மாட்டேன், அங்கேயும் வாய் இருக்கிறது. ஆனால் மூடுவதுதான் ஒரே வழி என்ற பேச்சை அவர்கள் ஒருமுறை தோற்கடித்துவிட்டார்கள்.

நம் பக்கம் ஆறாம் வகுப்புக்கு அரசே சில கொக்கிகளை மாட்டித்தான் வைத்திருக்கிறது. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு 2020இலிருந்து, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் ஆயிரம் ரூபாயும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கு. எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வில் மாநிலத்துக்கு 6,695 இடம், தேறினால் ஆண்டுக்கு 12,000 ரூபாய், தனியார் பள்ளிப் பிள்ளைக்கு அனுமதியே இல்லை. இதையெல்லாம் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையின் பெற்றோரிடம் உட்கார்ந்து சொன்னவர்கள் எத்தனை பேர்? ஃபிளெக்ஸ் கட்ட மெட்ரிக் பள்ளிக்குப் பணம் இருக்கிறது. நடுநிலைப் பள்ளிக்கு அந்தச் செலவைச் செய்ய ஒரு தலைப்புகூடக் கணக்கில் இல்லை.

மூடச் சொல்பவர்களிடம் ஒரே கோரிக்கை. ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண் இருக்கிறது. டி.சி. வாங்கிய பிள்ளை எந்தப் பள்ளியில் சேர்ந்தது என்பது அதிலேயே தெரியும். அருமனை வட்டாரத்தில் ஐந்தாண்டுகளில் ஐந்தாம் வகுப்போடு போன பிள்ளைகள் எத்தனை, அவர்களில் அரசு மேல்நிலைப் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும் போனவர்கள் எத்தனை, மெட்ரிக்குக்குப் போனவர்கள் எத்தனை, ஒன்பதில் திரும்பி வந்தவர்கள் எத்தனை; பாட ஆசிரியர் இடம் காலியாகக் கிடந்த மாதங்கள் எத்தனை; ஆறில் நுழைந்தபோது ஒரு பத்தியை வாசிக்கத் திணறிய பிள்ளை எட்டில் என்ன வாசிக்கிறது. இந்தக் கணக்கை எடுத்துப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்கட்டும். அதன் பிறகும் பூட்டுத்தான் வேண்டுமென்று தோன்றினால் அப்போது பேசலாம்.